கெனிங்டன் தண்ணீரில் சில துளி சில்வர் நைட்ரேட்

"கிருமி என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில், காலரா தண்ணீரால் பரவுகிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். காலரா பரவிய லண்டன் பிராட் தெருவில் அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்றவைத்த டாக்டர் ஜான் ஸ்னோவின் கதை பலருக்குத் தெரியும். எனக்குப் பிடித்தது, அதே 1854-இல் அதே ஸ்னோ தேம்ஸ் நதிக்குத் தெற்கே செய்த வேலை.

அங்கே கெனிங்டன், லாம்பெத் போன்ற பகுதிகளில் இரண்டு தனியார் நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு ஒரே தெருவில் குழாய் பதித்திருந்தன. அடுத்தடுத்த வீடுகளுக்குக்கூட வெவ்வேறு நிறுவனத்தின் தண்ணீர். லாம்பெத் நிறுவனம் 1852-இல் தன் நீரெடுப்பு நிலையத்தை ஆற்றின் மேல்பகுதியில் உள்ள தேம்ஸ் டிட்டனுக்கு மாற்றிவிட்டது. சவுத்வார்க் அண்ட் வாக்ஸ்ஹால் நிறுவனமோ நகரத்துச் சாக்கடை கலக்கும் பாட்டர்சியிலேயே எடுத்துக்கொண்டிருந்தது. ஏழை, பணக்காரர், காற்று, தெரு எல்லாம் ஒன்று. தண்ணீர் மட்டும் வேறு. இப்படி ஒரு சோதனையை யாராலும் திட்டமிட்டு நடத்த முடியாது.

இறந்தவர்களின் முகவரிகள் பதிவாளர் அலுவலகத்தில் இருந்தன. ஸ்னோ அவற்றை வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போனார். "உங்களுக்கு எந்த நிறுவனத்தின் தண்ணீர்?" என்று கேட்டால் பலருக்குத் தெரியவில்லை, கட்டணம் கட்டியவர் வீட்டு உரிமையாளர். அதனால் அந்த வீட்டுத் தண்ணீரையே சோதித்துப் பார்த்தார்.

இங்கேதான் பிளஸ் டூ ஆய்வகம் வருகிறது. உப்புப் பகுப்பாய்வில் குளோரைடு இருக்கிறதா என்று பார்க்க என்ன செய்வோம்? சில்வர் நைட்ரேட் கரைசலைச் சில துளிகள் விடுவோம். வெள்ளி அயனி குளோரைடு அயனியைக் கண்டதும் பற்றிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்த சில்வர் குளோரைடு தண்ணீரில் கரையாது. தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு! பாட்டர்சி வரை கடல் ஓதம், அதாவது கடல் ஏற்றத்தின்போது உள்ளே வரும் உப்புநீர், ஏறி வரும். போதாததற்குச் சாக்கடையில் வரும் சிறுநீரிலும் உப்பு உண்டு. தேம்ஸ் டிட்டனோ ஓதத்தைத் தடுக்கும் டெடிங்டன் அணைக்கு மேலே இருக்கிறது. ஸ்னோ அளந்தபோது லாம்பெத் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 14 மில்லிகிராம் உப்பு, மற்றதில் சுமார் 540. நாற்பது மடங்கு! தராசே வேண்டாம். துளி விட்டதும் ஒன்று பால்போல் வெளுக்கும், மற்றது ஏறக்குறைய அப்படியே இருக்கும். உப்பு யாரையும் கொல்லவில்லை. அந்தத் தண்ணீர் எந்த இடத்து ஆற்றிலிருந்து வந்தது என்பதை மட்டும் அது காட்டிக்கொடுத்தது. முதன்முதலில் இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கெனிங்டனில் அவர் முதலில் விசாரித்த 44 மரணங்களில் 38, சவுத்வார்க் நிறுவனத் தண்ணீர் வந்த வீடுகளில் நேர்ந்தவை. கொள்ளைநோயின் முதல் ஏழு வாரங்களுக்கு, இரு நிறுவனங்களும் தண்ணீர் வழங்கிய எல்லா வீடுகளையும் சேர்த்துப் பார்த்தபோது: சவுத்வார்க் நிறுவனத்தின் 40,046 வீடுகளில் 1,263 சாவுகள், லாம்பெத்தின் 26,107 வீடுகளில் 98. அதாவது பத்தாயிரம் வீட்டுக்கு சவுத்வார்க்கில் 315, லாம்பெத்தில் 37.

கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்று அன்று நம்பியவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. மரணப் புள்ளிவிவரங்களைத் தொகுத்த வில்லியம் ஃபாரும் அப்படித்தான் நினைத்தார். ஆனாலும் ஸ்னோவுக்கு முகவரிகளைக் கொடுத்தார். ஒவ்வொரு காலரா மரணத்தோடும் தண்ணீர் நிறுவனத்தின் பெயரையும் குறிக்கச் சொன்னார். ஆராய்ச்சி நிதி என்றதும் கோடிக்கணக்கில் கருவி வாங்கும் பேச்சுதான் இன்று எழுகிறது. இறப்புப் பதிவேட்டை ஒழுங்காக எழுதும் எழுத்தருக்கும் அதில் ஒரு பங்கு ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

லண்டனுக்கான தேம்ஸ் குடிநீரை டெடிங்டனுக்கு மேலேதான் எடுக்க வேண்டும் என்று 1852-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே கெடு வைத்திருந்தது. அதன்படி 1855-இல் சவுத்வார்க் நிறுவனமும் ஹாம்ப்டனுக்கு மாறியது. அதன்பிறகு கெனிங்டனில் எந்த வீட்டுத் தண்ணீரில் சில்வர் நைட்ரேட்டை விட்டாலும் அந்தத் தயிர் திரளவில்லை.