டூயல் யூஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

நல்லதுக்கும் கெட்டதுக்கும் ஒருசேர உதவக்கூடியதை ஆங்கிலத்தில் 'டூயல் யூஸ்' என்கிறார்கள். அதற்கு 'இரட்டைப் பயன்பாடு' என்றே பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அதைக் கேட்டதும் ஷாம்பூவும் கண்டிஷனரும் ஒரே புட்டியில் வரும் விளம்பரம்தான் நினைவுக்கு வருகிறது. மூலச்சொல்லில் உள்ள அச்சம் இதில் இல்லை.

'டூயல்' என்பதன் வேர், லத்தீனில் இரண்டைக் குறிக்கும் 'துவோ'. இந்தத் தொடர் வழங்கிய இடம் ஏற்றுமதிக் கட்டுப்பாடு. குடிமக்களுக்கும் ராணுவத்துக்கும் உதவக்கூடிய கருவி, வேதிப்பொருள் ஆகியவற்றுக்கு இந்தப் பெயர். ஆயுதங்களும் இத்தகைய பொருள்களும் ஏற்றுமதியாவதைக் கட்டுப்படுத்தப் பல நாடுகள் சேர்ந்து 1996இல் உருவாக்கிய வாசனார் உடன்பாட்டின் முழுப்பெயரிலேயே அது இருக்கிறது. இந்தியாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலான ஸ்கோமெட்டும் இத்தகைய பொருள்களுக்கானதே.

2001இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கிருமித் தூள் வைத்து அனுப்பிய கடிதங்களால் 5 பேர் இறந்தார்கள். அதன்பின் இந்தச் சொல் பொருளைவிட்டு அறிவின் மேல் ஏறியது. 2004இல் அமெரிக்க உயிரியலாளர் ஜெரால்ட் ஃபிங்க் தலைமையிலான குழுவின் அறிக்கை உயிரியல் ஆய்வுகளையே 'டூயல் யூஸ்' சிக்கலாகப் பேசியது. பொருளைத் துறைமுகத்தில் மடக்கலாம். சமன்பாட்டை எங்கே மடக்குவது?

அந்தக் கேள்வி மறு ஆண்டே வந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரன்ஸ் வைன், தன் மாணவர் யிஃபான் லியுவுடன் ஒரு கணித மாதிரியை உருவாக்கினார். மாட்டுத் தொழுவத்திலிருந்து குடிப்பவர் கைவரை பால் போகும் வழியில் யாராவது போட்யுலினம் என்ற கொடிய பாக்டீரிய நஞ்சைக் கலந்தால் என்ன ஆகும் என்பதே கணக்கு. எங்கே சோதிக்க வேண்டும், எதைப் பூட்ட வேண்டும் என்று சொல்லத்தான் எழுதினார்கள். ஆனால் எங்கே காவல் வேண்டும் என்று காட்டும் அதே எண், எங்கே ஓட்டை இருக்கிறது என்பதையும் காட்டிவிடுகிறதே! அமெரிக்க சுகாதாரத் துறை, இது பயங்கரவாதிகளுக்கு வழிகாட்டும் வரைபடம் என்று சொல்லி, வெளியிட வேண்டாம் எனக் கேட்டது. கட்டுரையை வெளியிடவிருந்த இதழ் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தினுடையது. அதன் தலைவர் புரூஸ் ஆல்பர்ட்ஸ் அதிகாரிகளுடன் பேசினார், சிறிது காலம் தள்ளிவைத்தார், 2005 கோடையில் வெளியிட்டுவிட்டார். முக்கியத் தகவல்கள் முன்பே பொதுவெளியில் கிடைப்பவை, தற்காப்புக்கு இந்த ஆய்வு உதவும் என்பது அவர் வாதம்.

எனக்கு ஆல்பர்ட்ஸ் செய்தது சரி என்றே படுகிறது. ஆனால் முதல் காரணம் பலவீனமானது. சிதறிக் கிடந்ததைக் கோத்து விடை காண்பதுதானே மாதிரியின் வேலை? இரண்டாம் காரணம்தான் கனமானது: ஓட்டையை அடைக்க வேண்டியவர்கள் அதைப் பார்த்தாக வேண்டும்.

இனி தமிழுக்கு வருவோம். 'இருதலைக் கொள்ளி' என்று சிலர் சொல்லக்கூடும். அது நடுவில் மாட்டிய எறும்பின் பாடு. ஆல்பர்ட்ஸுக்குப் பொருந்தும், ஆய்வுக்குப் பொருந்தாது. சிலேடை மரபிலிருந்து 'இரட்டுற' என்பதை எடுக்கலாமா? பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் சேர்த்துப் பாடிய புலவர் இரண்டையும் எண்ணியே பாடினார். இங்கே எழுதியவர் எண்ணியது ஒன்று. மற்றதைப் படிப்பவன் எடுத்துக்கொள்கிறான். ஆகவே அதுவும் ஆகாது.

என் தெரிவு 'இருபயன்'. 'பயன்' என்றால் நன்மை மட்டும்தானே என்று கேட்பவர்கள் 'வினைப்பயன்' என்ற சொல்லை நினைத்துக்கொள்ளலாம். நல்வினை, தீவினை இரண்டின் விளைவும் அதில் அடக்கம். 'பயன்பாடு' என்று நீட்டினால் இந்த நிழல் போய்விடும், வெறும் உபயோகம்தான் மிஞ்சும். அடைமொழியாகவும் எளிதில் ஒட்டும்: இருபயன் பொருள், இருபயன் ஆய்வு, இருபயன் மாதிரி. உயிரெழுத்தில் தொடங்கும் சொல் வந்திருந்தால் 'ஈருயிர்' போல 'ஈர்' என்று மாறியிருக்கும். இங்கே வருவது பகரம் என்பதால் 'இரு' அப்படியே நிற்கிறது.