புகை போடுவதை நிறுத்திய நகரம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்க நகரங்களில் ஒரு குழந்தைக்குத் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) வந்தால் வீட்டு வாசலில் எச்சரிக்கை அட்டை தொங்கும். நோய் முடிந்ததும் நகராட்சி ஆட்கள் வந்து ஜன்னல் இடுக்குகளை அடைத்து, அறைக்குள் கந்தகத்தை எரிப்பார்கள் அல்லது ஃபார்மால்டிஹைடு ஆவியை விடுவார்கள். சுவரிலும் மெத்தையிலும் பொம்மையிலும் ஒட்டியிருக்கும் கிருமிதான் அடுத்த ஆளைப் பிடிக்கிறது என்று அன்று பரவலாக நம்பினார்கள்.

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்து பிராவிடன்ஸ் நகரில் 1884 முதல் 1932 வரை சுகாதாரத் தலைமை அதிகாரியாக இருந்த சார்லஸ் சேப்பினும் முதலில் புகை போட்டவர்தான். ஆனால் எந்த வீட்டில், எப்போது, யாருக்கு நோய் என்று பதிவு வைத்து எண்ணிப் பார்ப்பது அவர் வழக்கம். 1888இலேயே நகராட்சிக்கென ஒரு நுண்ணுயிர் ஆய்வுக்கூடமும் அமைத்திருந்தார்.

தொண்டையில் பஞ்சுக்குச்சியைத் தடவி, சூட்டில் கெட்டியாக்கிய இரத்தச் சீரத்தின் (இரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீர்) மேல் தேய்த்து, உடல் சூட்டில் ஓர் இரவு வைத்தால் போதும். கிருமி இருந்தால் பெருகிவிடும். மறுநாள் நுண்ணோக்கியில் தெரியும். இந்தச் சோதனை பல நகரங்களில் பரவியபோது ஒரு சங்கடமான உண்மை வெளிப்பட்டது. தேறிய குழந்தையின் தொண்டையில் வாரக்கணக்கில் கிருமி இருந்தது. காய்ச்சலே வராத அண்ணன் தங்கைகளிடமும் இருந்தது. அதாவது, அறைக்குப் புகை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கிருமி அண்ணனின் தொண்டையில் ஏறிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது.

புகை போட்ட வீடுகளில் நோய் திரும்பியதையும் போடாத வீடுகளில் திரும்பியதையும் சேப்பின் ஒப்பிட்டார். சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 1905இல் தொண்டை அடைப்பானுக்குப் புகை போடுவதை நிறுத்தினார். சில ஆண்டுகளில், உடலில் செந்தடிப்பு வரும் ஸ்கார்லெட் காய்ச்சலுக்கும் நிறுத்தினார். இதற்குத் துணிச்சல் வேண்டும். நெடியடிக்கும் புகையைப் பார்த்தால் நகராட்சி ஏதோ செய்கிறது என்று ஜனங்களுக்குத் திருப்தி. கை கழுவுவதில் அந்தக் காட்சி கிடையாது.

எச்சிலும் சளியும் கையில் ஏறி ஆளுக்கு ஆள் போவதுதான் முக்கிய வழி என்றார் அவர். பென்சிலை வாயில் வைக்காதே, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டாதே என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொன்னார். 1910இல் திறந்த பிராவிடன்ஸ் நகர மருத்துவமனையில் இதைச் செய்தே காட்டினார்கள். வெவ்வேறு தொற்றுநோயாளிகள் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். ஒருவரைத் தொட்ட செவிலியர் கை கழுவி, மேலங்கியை மாற்றிய பிறகே அடுத்தவரைத் தொட வேண்டும். பாரிஸின் பாஸ்டர் மருத்துவமனையில் நடந்த முறை இது.

பெரும்பாலும் பலித்தது. தட்டம்மையும் சின்னம்மையும் மட்டும் அவ்வப்போது கட்டில் தாண்டின. அவை காற்றிலும் பரவுபவை. காற்றுவழித் தொற்றைச் சேப்பின் பெரிதாக மதிக்கவில்லை. இருமலில் தெறிக்கும் நுண்துளிகள் காய்ந்து, மணிக்கணக்கில் காற்றில் மிதக்கக்கூடும் என்பதை 1934இல்தான் அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் வெல்ஸ் விளக்கினார்.