பாதி விழித்த மூளையும் குற்ற மனமும்

தூக்கத்தில் எழுந்து நடந்தவர் கொலை செய்துவிட்டால் அவரைத் தண்டிப்பது நியாயமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கனடாவில் 1987இல் ஒருவர் இரவில் எழுந்து, ஏறத்தாழ 23 கிலோமீட்டர் கார் ஓட்டிச் சென்று மாமியாரைக் கொன்றார், மாமனாரைப் படுகாயப்படுத்தினார். அவர் அப்போது தூக்கநடையில் இருந்தார் என்ற வாதம் ஏற்கப்பட்டு அவர் விடுதலையானார். 1992இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கார் ஓட்டும் மூளை எப்படித் தூங்கிக்கொண்டிருக்க முடியும்?

மூளை முழுவதும் ஒரே நொடியில் விழித்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆழ்தூக்கத்தில் நரம்பணுக்கள் கூட்டாக அடங்கிக் கூட்டாக எழுவதால், மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் மின்வரைவில் உயரமான, மெதுவான அலைகள் உருள்கின்றன. விழிப்பில் ஒவ்வொன்றும் தன் வேலையைப் பார்ப்பதால் தாழ்ந்த, நெருக்கமான கோடுகளே தெரியும். வலிப்பு நோய் அறுவைச் சிகிச்சைக்கு முன்னோட்டமாக ஒரு நோயாளியின் மூளைக்குள் மின்முனைகளைப் பொருத்தியிருந்த இத்தாலிய மருத்துவர்கள், அவர் தூக்கம் கலையாமலே குழம்பி எழுந்த தருணத்தைப் பதிவு செய்து 2009இல் வெளியிட்டார்கள். அசைவை இயக்கும் பகுதியிலும் உணர்ச்சியோடு தொடர்புடைய சிங்குலேட் என்னும் மூளைப் பகுதியிலும் நெருக்கமான விழிப்புக் கோடுகள். அதே கணத்தில், யோசித்து முடிவெடுக்கும் முன்மடலில் ஆழ்தூக்க அலைகள். கை கால் விழித்துவிட்டன, அவற்றைத் தடுத்து நிறுத்த வேண்டிய பகுதி விழிக்கவில்லை. பேய் பிடித்தது என்றும், உள்ளே ஒளிந்திருந்த வெறி வெளிவந்தது என்றும் சொல்பவர்கள் அந்த வரைவை ஒருமுறையேனும் பார்க்க வேண்டும்.

கனவு காணும் தூக்கத்தில் நிகழ்வது வேறு. அப்போது மூளைத்தண்டு தசைகளைச் செயலிழக்கச் செய்கிறது. அந்தத் தடை பழுதாகும்போது கனவில் ஓங்கிய கை நிஜத்திலும் ஓங்குகிறது. ஷெங்க், மகோவால்ட் என்னும் அமெரிக்கத் தூக்க ஆய்வாளர்கள் 1986இல் இதை ஒரு தனி நோயாக விவரித்தனர்.

செயலோடு குற்ற மனமும் சேர்ந்தால்தான் குற்றம் என்பது சட்டத்தின் அடிப்படை. ஆனால் தூக்கநடைக்காரரைக் கனடா முற்றிலும் விடுவிக்க, இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமோ 1991இல் அதே நிலையைச் சட்டப்படியான சித்தப் பிறழ்வு என்றது. ஒரே மூளை நிலைக்கு இரண்டு பெயர் சூட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சம்பவம் நடந்து பல மாதம் கழித்துத் தூக்க ஆய்வகத்தில் எடுக்கும் பதிவு, நோய்க்கான சாய்வைக் காட்டலாமே தவிர, அன்றைய இரவைக் காட்டாது. எனவே சிறுவயதிலிருந்தே தூக்கநடை இருந்ததா, முந்தைய நாள்களில் தூக்கம் கெட்டிருந்ததா, செய்ததை மறைக்க முயன்றாரா என்று நிபுணர்கள் விசாரிக்கிறார்கள். கனடாக்காரர் எதையும் மறைக்கவில்லை. இரு கைகளிலும் தசைநாண்கள் அறுபட்டிருக்க, வலியை உணர்ந்ததற்கான அறிகுறியே இல்லாமல், தாமே காரை ஓட்டிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய் நின்றார்.