செபம், மன்றாட்டு, இறைவேண்டல்: ஒரு சொல் விளக்கம்

மட்டக்களப்பில் ஒரே தெருவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு கிறிஸ்தவ வீடுகளில், கடவுளை நோக்கிப் பேசுவதைக் குறிக்கும் சொல் இரண்டு விதமாக ஒலிக்கும். கத்தோலிக்க வீட்டில் அது ‘செபம்’; அங்கே செபம் சொல்லுவார்கள். 1814இல் மிஷனரி வில்லியம் ஓல்ட் இங்கே வந்து ஊன்றிய மெதடிஸ்த மரபிலும் பிற சபைகளிலும் அது ‘ஜெபம்’; அதைப் பண்ணுவார்கள், சில வேளை ஏறெடுப்பார்கள். எழுத்தில் ஒன்று தமிழாகவும் மற்றது கிரந்தமாகவும் தோன்றினாலும், இரண்டும் ‘ஜப’ என்னும் வடசொல்லிலிருந்து வந்தவையே. ‘ஜ’வை அடுத்த அகரம் எகரமாகத் திரிவது தமிழ் வாய்க்குப் பழக்கமான ஒன்று. ஜயம் ஜெயமானதும், ஜன்மம் சென்மமானதும் அப்படித்தான். பலம் பெலமாகி, கதி நம் ஊர்ப் பேச்சில் ‘கெதியா வா’ என்று நிற்பதும் ஏறக்குறைய அதே வழியில்தான்.

‘ஜப’ என்பதன் அடிப்பொருள், வாய்க்குள் முணுமுணுத்தல், தாழ்ந்த குரலில் திரும்பத் திரும்பச் சொல்லுதல் என்பதாகும். சைவ மரபு இதனை மூன்றாகப் பிரிக்கிறது. பிறருக்குக் கேட்கும்படி சொல்வது வாசிகம். தன் செவிக்கு மட்டும் எட்டும்படி உதடசைய உச்சரிப்பது உபாஞ்சு. மனத்துக்குள் மட்டும் நிகழ்வது மானசம். கேட்பது, இரப்பது என்ற பொருள் இச்சொல்லின் வேரில் இல்லை. இதனால், கிறிஸ்தவ வழிபாட்டுக்குப் பொருந்தாத சொல்லை முன்னோர் எடுத்துக்கொண்டார்கள் என்று சிலர் குறை சொல்வதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. விவிலியத்தில் சாமுவேலின் முதல் நூலில், பிள்ளையில்லாத அன்னாள் ஆலயத்தில் நின்று உள்ளத்திலே பேசுகிறாள். அவளுடைய உதடுகள் மட்டும் அசைகின்றன, குரல் கேட்கவில்லை. ஆலயக் குருவான ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்று எண்ணிவிடுகிறார். அதுதான் உபாஞ்சு. முதலாம் சங்கீதத்தில் இரவும் பகலும் ‘தியானமாயிருக்கிற’ என்று நாம் வாசிக்கும் இடத்திலுள்ள ‘ஹாகா’ என்ற எபிரேயச் சொல்லும், புறா முனகுவது போல் மெல்ல ஒலிப்பதையே குறிக்கும்.

இந்தப் பொருளை நான் அகராதியில் காண்பதற்கு முன்பே அடுப்படியில் கண்டிருந்தேன். அம்மம்மா பிட்டு அவிக்கும்போது கடிகாரம் பார்ப்பதில்லை. நீத்துப்பெட்டியைப் பானையில் வைத்து மூடியதும் உதடுகள் அசையத் தொடங்கும். ஒரு பரலோக மந்திரம், மரியாளை நோக்கிய அருள் நிறைந்த மந்திரம் பத்துத் தடவை, ஒரு திரித்துவப் புகழ்; இவை சேர்ந்தது ஒரு பத்து. இரண்டு பத்து முடிய இறக்குவார். கையில் தேங்காய்ப்பூ ஒட்டியிருப்பதால் செபமாலையைத் தொடமாட்டார்; விரல் மடித்தே எண்ணுவார். “ஆரோட கதைக்கிறீங்க அம்மம்மா?” என்று ஒருநாள் கேட்டேன். “செபம் சொல்றன் மனே, பேசாம இரு” என்றார். ‘இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்’ என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியதைப் பின்னாளில் வாசித்தபோது, அது துறவிகளுக்கு மட்டுமான கட்டளை என்று எனக்குத் தோன்றாததற்கு அந்த ஆவி மணக்கும் அடுப்படியே காரணம்.

‘மன்றாட்டு’ முற்றிலும் வேறொரு சொல். மன்று என்பது ஊரவை; வழக்குக் கேட்கும் இடம். அங்கே நின்று முறையிடுவது மன்றாடுதல். இலத்தீனில் ‘ஓராரே’ என்ற வினை செபிப்பதையும் அவையில் வழக்குரைப்பதையும் ஒருங்கே குறிப்பதை இதனோடு வைத்துப் பார்க்கலாம். கத்தோலிக்கரின் முதன்மை வழிபாடான திருப்பலியில் ‘எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்’ என்று நாம் சேர்ந்து சொல்லும்போது, ஓர் அவையின் முன் கூட்டமாக நிற்கிறோம் என்பதை அந்தச் சொல்லே உணர்த்துகிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் உட்படப் பலர் இறந்த பின், பல நாட்கள் எனக்குச் செபம் வரவில்லை. பழகிய வரிகள் நாவில் ஒட்டவில்லை. ஏன் என்று கேட்க மட்டுமே முடிந்தது. ‘கர்த்தாவே, எதுவரைக்கும்’ என்று கேட்ட சங்கீதக்காரன் செய்ததும் அதுவே. அது மன்றாட்டு. அதற்கு வேறு சொல்லைப் போட என்னால் இயலாது.

இனி, செபத்துக்கு நேரான தமிழ்ச் சொல் எது என்ற கேள்வி. இன்று கத்தோலிக்க எழுத்துத் தமிழில் நிலைபெற்றிருப்பது ‘இறைவேண்டல்’. செபத்தைக் கேட்டுப் பெறும் செயலாக இது சுருக்கிவிடுகிறது என்ற மறுப்பு உண்டு. நானும் நெடுநாள் அப்படியே எண்ணியிருந்தேன். ஆனால் ‘வேண்டு’ என்பதன் பழம்பொருள் விரும்புதல். ‘வேண்டுதல் வேண்டாமை இலான்’ என்று வள்ளுவர் சொல்லும்போது விருப்பும் வெறுப்பும் இல்லாதவன் என்றே பொருள். இறைவேண்டல் என்ற தொகையை விரித்தால், ‘இறைவனிடம் வேண்டல்’ என்றும் வரும், ‘இறைவனை வேண்டல்’ என்றும் வரும். முன்னது அவரிடம் ஒன்றைக் கேட்பது. பின்னது அவரையே விரும்புவது. இரண்டையும் ஒரே தொகைக்குள் வைத்திருக்கும் வேறொரு சொல்லை நான் அறியேன். ஆகவே தனித்தமிழில் எழுத வேண்டிய இடத்தில் இறைவேண்டலே தகும் என்பது என் முடிவு. ‘பிரார்த்தனை’ அந்த இடத்துக்கு உதவாது, அதுவும் வடசொல்லே.

பேச்சில் நிலைமை வேறு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவர் யாரும் ‘எனக்காக இறைவேண்டல் செய்யுங்க’ என்று சொல்லமாட்டார். ‘எனக்காகச் செபியுங்க’ என்றுதான் சொல்வார், அல்லது ‘வேண்டிக்கொள்ளுங்க’ என்பார். இந்த இரண்டாவது வினை புதிதாகப் படைத்ததன்று. அருள் நிறைந்த மந்திரம் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்றே முடிகிறது. ஐம்பத்து மூன்று மணிச் செபமாலையை முழுதும் சொல்பவர் அதை 53 தடவை சொல்கிறார். இரண்டு பத்தோடு பிட்டை இறக்கிய அம்மம்மா ஒவ்வொரு காலையும் 20 தடவை சொன்னார்.