ஆர்ட்டெமிசினின்: சொல்லும் செடியும்

மலேரியா மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தால் ஆர்ட்டிசுனேட், ஆர்ட்டிமெதர் என்று ஏதாவது ஒரு பெயர் கண்ணில் படும். இரண்டுக்கும் தாய்ப்பொருள் ஒன்றுதான்: ஆர்ட்டெமிசினின். ஒரு சீன மூலிகையின் இலையிலிருந்து பிரித்தெடுத்தது. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, இதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று பார்ப்போம். இதில் பெயர் பிசகினால் செடி பிசகும். செடி பிசகினால் மருந்தே இல்லை. அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்க்க வேண்டிய சொல் இது.

சொல்லைப் பிரித்தால் இரண்டு துண்டு. ஆர்ட்டெமிசியா என்பது ஒரு செடிப் பேரினத்தின் பெயர். 'இன்' என்பது, செடியிலிருந்து பிரித்த பொருளுக்கு வேதியியலார் ஒட்டும் வால். குயினின், நிக்கோட்டின் எல்லாம் இதே அச்சில் வார்த்தவை. ஆர்ட்டெமிசியா என்ற பெயர் கிரேக்கர்களின் ஆர்ட்டெமிஸ் தெய்வத்திடமிருந்து வந்தது என்பார்கள். இன்றைய துருக்கிப் பகுதியில் இருந்த பழைய காரியா நாட்டின் அரசி ஆர்ட்டெமிசியாவின் பெயர் என்று சொல்வோரும் உண்டு. இந்தப் பேரினத்தில் நூற்றுக்கணக்கான செடிகள் இருக்கின்றன. நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, ஆர்ட்டெமிசியா ஆனுவா. 'ஆனுவா' என்றால் ஓராண்டுக்குள் முளைத்து, பூத்து, மடிவது. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலார் லின்னேயஸ் 1753-ல் வைத்த பெயர்.

சீனத்தில் இந்த மருந்தின் பெயர் சிங்ஹாவ்சூ. 'சிங்' என்பது பச்சைக்கும் நீலத்துக்கும் இடைப்பட்ட நிறம். 'ஹாவ்' என்பது வாசனையுள்ள ஒருவகைக் காட்டுச் செடிகளுக்கான பொதுப்பெயர். 'சூ' என்றால் அடிப்படைச் சத்து. வைட்டமின், ஆன்டிபயாட்டிக் இவற்றுக்கான சீனச் சொற்களும் இந்தச் 'சூ'வில்தான் முடியும். ஆக, சிங்ஹாவ் செடியின் சத்து என்பதே பொருள். கேட்பதற்கு நேரான பெயர். ஆனால் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

சிங்ஹாவ் என்ற பெயர் மிகப் பழையது. ஹூனான் மாநிலத்துச் சாங்ஷா நகரில், மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168-ல் மூடப்பட்ட ஒரு கல்லறையைத் தோண்டியபோது பட்டுத்துணியில் எழுதிய மருத்துவக் குறிப்புகள் கிடைத்தன. அதில் சிங்ஹாவ் இருக்கிறது, ஆனால் மூலநோய்க்கு. காய்ச்சலுக்கான குறிப்பைக் கி.பி. 4-ம் நூற்றாண்டில் கோ ஹோங் என்ற மருத்துவர் எழுதிவைத்தார். கைப்பிடி சிங்ஹாவை இரண்டு படி தண்ணீரில் ஊறப்போட்டு, பிழிந்து, சாறு முழுவதையும் குடி என்கிறார். (அந்தக் காலத்துச் சீனப் படி நம் படியைவிடச் சிறியது.) 'கொதிக்க வை' என்று அவர் சொல்லவே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினோராம் நூற்றாண்டில் ஷென் குவோ என்ற அறிஞர், ஒரே பெயரில் இரண்டு வகைச் செடி இருப்பதைக் கவனித்தார். ஒன்று மஞ்சள் கலந்த பச்சை, இன்னொன்று இலையுதிர்காலம் முற்றிய பிறகும் கரும்பச்சை மாறாதது. 1596-ல் வெளிவந்த தம் பெருநூலில் லி ஷிசென் இரண்டையும் தனித்தனி மூலிகைகளாகவே பிரித்தார்: ஒன்றைச் சிங்ஹாவ் என்றும், மற்றதை ஹுவாங்ஹுவாஹாவ், அதாவது மஞ்சள்பூ ஹாவ் என்றும் எழுதினார். இன்றைய தாவரவியல் என்ன சொல்கிறது தெரியுமா? மலேரியாவைக் கொல்லும் பொருள் இருப்பது மஞ்சள்பூ ஹாவில், அதாவது ஆர்ட்டெமிசியா ஆனுவாவில். 'சிங்ஹாவ்' என்று தனியே பெயர் பெற்ற மற்றச் செடியில் அந்தப் பொருள் இல்லை. மருந்துக்குப் பெயர் ஒரு செடியுடையது, சத்து இன்னொரு செடியுடையது! இன்று சீன மருந்தியல் நூல் சிங்ஹாவ் என்றால் ஆர்ட்டெமிசியா ஆனுவாதான் என்று வரையறுத்து வைத்திருக்கிறது. குழப்பத்தைத் தீர்க்க வேறு வழியே இல்லை.

1967 மே 23-ல் சீனா மலேரியா ஆராய்ச்சிக்கென ஒரு ரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. தேதியை வைத்தே அதற்கு '523' என்று பெயர். வியட்நாம் போரில் வடவியட்நாம் வீரர்களைக் குண்டைப் போலவே மலேரியாவும் சாய்த்துக்கொண்டிருந்த காலம் அது. அப்போது வழக்கத்தில் இருந்த மலேரியா மருந்தான குளோரோகுயினுக்குக் கிருமி மசியவில்லை. பெய்ஜிங்கில் மரபு மருத்துவ ஆய்வுக்கழகத்தில் இருந்த து யோயோ என்ற ஆய்வாளர் 1969-ல் இதில் சேர்ந்தார். பழைய ஏடுகளிலிருந்தும் வைத்தியர்களிடமிருந்தும் குறிப்புகளைத் திரட்டி ஒவ்வொன்றாகச் சோதித்தார். சிங்ஹாவ் சாறு ஒருநாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. கோ ஹோங்கின் வரியைத் திரும்பப் படித்தபோதுதான், சூடு சத்தைக் கெடுக்கிறதோ என்று அவருக்குத் தோன்றியது. தண்ணீரை விட்டுவிட்டு, ஏறக்குறைய 35 டிகிரியிலேயே கொதிக்கும் ஈத்தரில் சாறெடுத்தார். 1971 அக்டோபர் 4-ல் சோதித்த 191-ஆம் மாதிரி எலிகளில் இருந்த ஒட்டுண்ணிகளை அடியோடு அழித்தது. மறுவருடம் அவரும் அவருடைய இரண்டு சக ஊழியர்களும் அந்தச் சாற்றைத் தாங்களே குடித்துப் பார்த்தார்கள், பாதுகாப்பானதா என்று அறிய. அதே ஆண்டு ஹைனான் தீவில் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள், காய்ச்சல் இறங்கியது. தூய படிகமும் 1972-லேயே கிடைத்தது. 2015-ல் நோபல் பரிசு. 'யோயோ' என்ற பெயரைப் பழைய சீனக் கவிதைத் தொகை ஒன்றிலிருந்து எடுத்து வைத்தார்கள்: மான்கள் யோ யோ என்று கத்திக்கொண்டு ஹாவ் மேய்கின்றன என்று வரும் பாட்டு அது. பிறந்தபோதே பெயருக்குள் அந்தச் செடி இருந்திருக்கிறது.

சரி, இலைக்குள் இருப்பது என்ன? ஆர்ட்டெமிசினின் மூலக்கூறில் 15 கரி அணுக்கள், 22 ஹைட்ரஜன், 5 ஆக்சிஜன். குயினினில் நைட்ரஜன் உண்டு, இதில் ஒன்றுகூட இல்லை. அதன் கூர்முனை, இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் ஒரு பாலம். மலேரியா ஒட்டுண்ணி நம் சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்னும். தின்னும்போது இரும்புள்ள ஹீம் மிஞ்சும். அந்த இரும்பு பட்டதும் ஆக்சிஜன் பாலம் உடைகிறது, உடைந்த துண்டு அருகிலுள்ள புரதங்களையெல்லாம் பற்றிக்கொண்டு செயலிழக்க வைக்கிறது. ஒட்டுண்ணி தின்ற தீனியே அதற்கு வினையாகிறது.

இந்த மருந்துக்குத் தண்ணீரிலும் எண்ணெயிலும் கரையும் குணம் குறைவு. அதனால் அதன் மூலக்கூறைச் சற்று மாற்றி ஆர்ட்டிமெதர், ஆர்ட்டிசுனேட் ஆகியவற்றைச் செய்தார்கள். ஆர்ட்டிசுனேட்டை ஊசியாகப் போடலாம். 2005-ல் வெளிவந்த ஆசிய நாடுகளின் சோதனையில், தீவிர மலேரியாவுக்குக் குயினின் பெற்றவர்களில் 22 சதவீதம் பேர் இறந்தார்கள், ஆர்ட்டிசுனேட் பெற்றவர்களில் 15 சதவீதம். 2010-ல் ஆப்பிரிக்கக் குழந்தைகளிடையே முடிவு 10.9-க்கு எதிராக 8.5 சதவீதம். ஒவ்வொரு சதவீதத்துக்குப் பின்னாலும் பிழைத்து வீடு திரும்பிய பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் இது உடலில் சில மணி நேரம்தான் தங்கும். தனியாகக் கொடுத்தால் மிச்சமிருக்கும் ஒட்டுண்ணி தலைதூக்கும், மருந்துக்கு மசியாத எதிர்ப்பும் அதற்கு வளரும். அதனால்தான் லூமெஃபான்ட்ரின் போன்ற நீண்ட நேரம் தங்கும் இன்னொரு மருந்தோடு சேர்த்தே கொடுக்கிறார்கள். இருந்தும் மேற்குக் கம்போடியாவில் எதிர்ப்பு தோன்றிவிட்டது.

இப்போது தமிழ்ப் பெயர். ஆர்ட்டெமிசியா பேரினத்தில் நமக்குப் பழக்கமான ஒரு செடி உண்டு: மருக்கொழுந்து. பூக்கடையில் மல்லிகையோடும் கனகாம்பரத்தோடும் வைத்துக் கட்டுகிற, சாம்பல் பூத்த நுணுக்கமான இலைக்கொத்து. தாவரவியலில் அது ஆர்ட்டெமிசியா பேலன்ஸ். விரலில் கசக்கினால் வரும் அந்த இனிப்பும் காரமும் கலந்த வாசனை இந்தப் பேரினத்துச் செடிகளுக்கெல்லாம் ஏதோ ஒரு சாயலில் உண்டு. அப்புறம் மாசிபத்திரி. மலைப்பகுதிகளில் வளரும் இன்னும் சில ஆர்ட்டெமிசியாக்களுக்குச் சித்த மருத்துவத்தில் வழங்கும் பெயர். சொந்தம் உண்மையானதுதான். ஆனால் மலேரியா மருந்துக்கான மூலம் ஆனுவா ஒன்றுதான். மருக்கொழுந்தையும் மாசிபத்திரியையும் அதன் இடத்தில் வைக்க முடியாது. எனவே 'மாசிபத்திரி மலேரியாவைக் குணப்படுத்தும்' என்று எழுதுவது வெறும் மொழிபெயர்ப்புப் பிழையோடு நிற்காது. அதை நம்பி ஒருவர் தோட்டத்து இலையைக் கசாயம் வைத்துக் குடித்து, காய்ச்சலோடு நாலு நாளைக் கழித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

என் பரிந்துரை இது. செடிக்குச் 'சீன மாசிபத்திரி' என்று அடைமொழியோடு எழுதலாம். பேரினத்து உறவும் தெரியும், நம்மூர்ச் செடி இல்லை என்பதும் தெரியும். முதல் முறை எழுதும்போது பக்கத்திலேயே ஆர்ட்டெமிசியா ஆனுவா என்று சேர்த்துவிடுவது நல்லது. மருந்துக்கு ஆர்ட்டெமிசினின் என்ற பெயரையே வைத்துக்கொள்ளலாம். சீனர்களைப் பார்த்து 'மாசிபத்திரிச் சத்து' என்று ஆக்க ஆசை வரும். தமிழில் சத்து என்றால் சாறும் கசாயமும்தான் நினைவுக்கு வரும், எடை அளந்து கொடுக்கும் ஒரு தனி மூலக்கூறு நினைவுக்கு வராது. குயினினைக் குயினின் என்றே சொல்லி நமக்குப் பழக்கமாகிவிட்டது, இதுவும் ஆகட்டும். எழுத்துக்கூட்டலில் 'ஆர்டிமிசினின்' என்றும் சிலர் எழுதலாம். ஒரு கட்டுரைக்குள் ஒரே வடிவம் இருந்தால் போதும்.

சீன மாசிபத்திரி இலைத் தேநீரையும் உலக சுகாதார நிறுவனம் மலேரியாவுக்குப் பரிந்துரைப்பதில்லை. இலைக்கு இலை சத்தின் அளவு மாறும், தண்ணீரில் கொஞ்சம்தான் இறங்கும். குறைந்த அளவு மருந்து கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடும். 2020-ல் மடகாஸ்கர் அரசு இதே செடியைச் சேர்த்த ஒரு பானத்தைக் கோவிட்டுக்கென்று முன்வைத்தபோதும் பெயரின் புகழ்தான் முன்னால் நின்றது, சோதனை முடிவு இல்லை. நம் நாட்டில் ஃபால்சிபேரம் வகை மலேரியாவுக்கு ஆர்ட்டெமிசினின் வழிவந்த கூட்டுமருந்து, வைவாக்ஸ் வகைக்குக் குளோரோகுயினும் பிரைமாகுயினும் என்பது வழக்கமான முறை. எந்த வகை என்பதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.