ஒரே பாதை, இரண்டு எடைகள்: மலைச் சைக்கிளின் சஸ்பென்ஷன் இயங்கும் விதம்

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் ரோட்டோருவா நகரை ஒட்டியுள்ள ஃபாகரேவரேவா காட்டில், 1901இல் நடப்பட்ட கலிஃபோர்னிய ரெட்வுட் மரங்களுக்கு ஊடாக மலைச் சைக்கிள் பாதைகள் செல்கின்றன. அங்கே ஒரு தம்பதியர் ஒரே மாதிரியான இரண்டு சைக்கிள்களை வாடகைக்கு எடுப்பதாகக் கொள்வோம். பையோடும் தலைக்கவசத்தோடும் கணவரின் எடை 85 கிலோ, மனைவியின் எடை 55 கிலோ. இரண்டு சைக்கிள்களும் கணவரின் எடைக்கேற்ப அமைக்கப்பட்டிருந்தால், வேர்கள் குறுக்கிடும் இறக்கத்தில் அவர் சீராக இறங்கிவிடுவார். மனைவிக்கோ கைப்பிடி உதறும், சக்கரம் தாவும். இதைத் திறமைக் குறைவு என்று எண்ணிவிடுவது வழக்கம். காரணம் பெரும்பாலும் சஸ்பென்ஷனில், அதாவது சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் அமைப்பில், ஷாக் எனப்படும் உருளையினுள் இருக்கும் காற்றிலும் எண்ணெயிலுமே இருக்கிறது.

இக்காலச் சைக்கிள்கள் பலவற்றில் சுருள்வில்லுக்குப் பதிலாக அடைத்து வைத்த காற்றே வில்லாகச் செயல்படுகிறது. ஓட்டுநர் ஏறி அமர்ந்ததும் சஸ்பென்ஷன் சற்று அமிழும். பின்சக்கரத்துக்கு இந்த அமிழ்வு மொத்த அசைவில் சுமார் 30 சதவீதம் இருக்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். சக்கரம் மேலே எழ மட்டுமன்றிப் பள்ளத்துக்குள் இறங்கித் தரையைப் பற்றவும் இடம் வேண்டும் என்பது இதற்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் இதைவிடச் சுவையானது. ஒரு வில்லின் இயல்பான அதிர்வு வேகம், எடையால் அது எவ்வளவு அமிழ்கிறது என்பதை மட்டுமே பொறுத்தது. 140 மில்லிமீட்டர் அசைவில் 42 மில்லிமீட்டர் அமிழ்ந்தால், சுமப்பது 85 கிலோவானாலும் 55 கிலோவானாலும், அது நொடிக்கு ஏறத்தாழ 2.4 முறை அதிரும். ஆகவே கணவரின் ஷாக்கில் காற்றழுத்தம் 200 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) இருந்தால், மனைவியின் ஷாக்கில் 130 அளவில் வைத்து, அமிழ்வை அளந்து சரிசெய்ய வேண்டும்.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். என் கணிப்பில் பாதித் தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. அமுங்கிய வில் துள்ளித் திரும்பாமல் தடுக்க, ஷாக்கினுள் எண்ணெய் சிறு துளைகள் வழியே பிதுங்கிச் சென்று அசைவாற்றலை வெப்பமாக்குகிறது. வில் திரும்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் திருகுக்கு ரீபவுண்டு என்று பெயர். காற்றைக் குறைத்தால் வில்லின் உந்துவிசையும் குறைகிறது. எண்ணெயின் தடையோ அப்படியே இருக்கிறது. மணிக்கு 22 கிலோமீட்டர் வேகத்தில், மீட்டருக்கு ஒரு வேர் இருக்கும் இடத்தில், நொடிக்கு ஆறு மோதல்கள். ஒரு மோதலுக்கும் அடுத்ததற்கும் இடையே ஷாக் முழுதாகத் திரும்பாவிட்டால், ஒவ்வொரு வேரிலும் அது இன்னும் கொஞ்சம் தாழ்ந்து, கடைசியில் அசைய இடமின்றி இறுகிவிடும். எனவே எடை குறைந்தவருக்கு ரீபவுண்டைத் தளர்த்தியே ஆக வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும் ஒரு வேறுபாடு எஞ்சும். சக்கரங்களின் எடை இருவருக்கும் ஒன்றே; ஆனால் 55 கிலோ உடலோடு ஒப்பிடும்போது அதன் பங்கு பெரிது. எகிறும் சக்கரம் இலேசான உடலைக் கூடுதலாக உலுக்கும். இதை எந்தத் திருகும் முழுதாகத் தீர்க்காது.

டயர் விஷயத்தில் மனைவிக்கு ஆதாயம் உண்டு. தரையைத் தொடும் பரப்பு, சக்கரம் தாங்கும் எடையை உள்ளழுத்தத்தால் வகுத்தால் கிடைப்பதற்கு ஏறத்தாழச் சமம். எடை குறைவாயின், ரிம் (சக்கரத்தின் உலோக விளிம்பு) வேரில் இடிக்கும் அச்சமின்றிக் காற்றையும் குறைக்கலாம். டயர் மிருதுவாகி வேரின் வடிவத்துக்கு இசைந்து கொடுக்கும்.

பிரேக்கில் சுமை கணவர் பக்கம் சாய்கிறது. கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் 1976இல் பந்தயங்கள் தொடங்கிய ரீபேக் இறக்கம் ஏறக்குறைய 400 மீட்டர் தாழ்கிறது. பின்சக்கர அச்சுக்குள் இருந்த பழைய பிரேக்கின் கிரீஸ் அங்கே எரிந்து புகைந்ததால், ஒவ்வோர் இறக்கத்துக்குப் பிறகும் புதிய கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. ‘மீண்டும் அடைத்தல்’ என்று பொருள்படும் ரீபேக் என்ற பெயரும் அதனால் வந்ததே. அதே உயரம் இறங்கும்போது, 15 கிலோ சைக்கிளோடு சேர்ந்து கணவர் இழக்கும் ஆற்றல் சுமார் 390 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். மனைவிக்கு 275 கிலோஜூல்தான். காற்றும் டயரும் விழுங்கியது போக மீதி முழுவதும் பிரேக் பற்றிப் பிடிக்கும் உலோகத் தட்டான டிஸ்க்கில் வெப்பமாகிறது. ஆகையால் 180, 200 மில்லிமீட்டர் டிஸ்க்குகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், பெரியதைக் கணவரின் சைக்கிளுக்குக் கேட்டு வாங்குவது நல்லது.