எவ்வளவு குடித்தாலும் ஸ்டெடியாக இருப்பவர்

எலும்பு முறிவு வார்டிலிருந்து இரவு பதினொரு மணிக்கு போன். "பேஷன்ட் கட்டில்ல உக்காந்து தையல் மெஷின் ஓட்டுறார் டாக்டர், கொஞ்சம் வந்து பாருங்க" என்றார் நர்ஸ். கேலிக்குச் சொல்கிறாரோ என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

நிஜமாகவே ஓட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், தையல்காரர். பாதங்கள் இரண்டும் மிதிகட்டையை மிதிக்கிற மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டியிருந்த இடது கை விரல்களில் ஊசி, வலது கையில் நூல். இரண்டும் அவர் கண்ணுக்கு மட்டுமே தெரிந்தன. நூல் நுனியை நாக்கில் வைத்து ஈரப்படுத்தி, கண்ணைச் சுருக்கிக் கோக்கப் பார்த்தார். கை நடுங்கியது, கோக்க வரவில்லை. மறுபடி நாக்கு, மறுபடி ஊசி. சட்டை தெப்பமாக நனைந்திருந்தது.

"விழுந்த இடத்துல ஏதோ காத்துக் கருப்பு பட்டிருக்கு டாக்டர். சாயங்காலத்துல இருந்தே சுவத்துல எறும்பு ஊருதுங்கிறார்" என்றார் மனைவி.

"குடிப்பாரா?"

"குடிப்பார். ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. தினம் ஒரு குவார்ட்டர், சில நாள் ரெண்டு. இருபது வருஷத்துல ஒருநாள் தள்ளாடி வந்தது கிடையாது. போட்டுட்டு வந்தும் கோடு பிடிச்ச மாதிரி தைப்பார்."

கீழே விழுந்து அட்மிட் ஆகி அன்றோடு மூன்று நாள். மூன்று நாளாக ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. இதுதான் விஷயம்.

மது மூளையில் இரண்டு வேலை செய்கிறது. காபா என்ற ரசாயனத்தின் பிரேக்கை இறுக்குகிறது, குளுட்டமேட் என்ற ஆக்சிலேட்டரைத் தளர்த்துகிறது. மூளை சும்மா இருக்காது. தினமும் ஒருவன் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தால், அதுவும் பதிலுக்குத் தன் பிரேக்கைக் குறைத்து, ஆக்சிலேட்டரைக் கூட்டி, வண்டியை எப்படியோ நேராக ஓட்டப் பழகிவிடும். வெளியே நமக்குத் தெரிவது "ஸ்டெடியான ஆள்". திடீரென்று மதுவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஆக்சிலேட்டர் மட்டும்தான். முதலில் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு. இரண்டு மூன்று நாளில் இடம், காலம் தெரியாத குழப்பம், சுவரில் எறும்பு. தொழில்காரர்கள் தங்கள் தொழிலையே படுக்கையில் செய்துகொண்டிருப்பதும் இந்த நிலையில் பார்க்கக்கூடியதுதான். சிகிச்சை இல்லாவிட்டால் உயிரே போகலாம். மூளையை அமைதிப்படுத்தும் லோராசிபாம், பி1 விட்டமின் ஊசி, கண்காணிப்பு என்று போய் நான்காம் நாள் அவர் தெளிந்துவிட்டார்.

கார்த்திகை பிறந்தால் எங்களுக்கு இது ஒரு சீசன். மாலை போட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்துவார்கள், மூன்றாம் நாள் வீட்டில் 'சாமி வந்துவிட்டது'. நிறுத்துவது நல்ல காரியம்தான், சந்தேகமே இல்லை. தினசரி குடிப்பவர் என்றால் மாலைக்கு முன்னால் ஒரு டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

தெளிந்த அன்று அவருடைய மகன் வராந்தாவில் என்னைப் பிடித்தான். பத்தொன்பது வயது, கல்லூரி இரண்டாம் ஆண்டு. உள்ளே பாட்டி மருமகளிடம் "எங்க வம்சத்துல இல்லாத பழக்கம்" என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தாத்தாவும் குடித்தே போனவர் என்பது கேஸ் ஷீட்டில் நானே எழுதியது. அது கிடக்கட்டும்.

"டாக்டர், இது எனக்கும் வருமா?"

"நீ குடிச்சிருக்கியா தம்பி?"

"காலேஜ் டூர்ல ஒரே ஒரு தடவ. ஆளுக்கு மூணு பீர். பசங்க எல்லாம் வாந்தி எடுத்து மட்டையாயிட்டாங்க. நான் மட்டும்தான் ஸ்டெடி. எல்லாரையும் நான்தான் ரூமுக்குக் கூட்டிட்டுப் போனேன்."

கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னான். எனக்குத்தான் திக்கென்றது.

அமெரிக்காவின் சான் டியாகோவில் மார்க் ஷுக்கிட் என்ற மனநல மருத்துவர் ஒரு நீண்ட ஆய்வு செய்தார். குடிநோயாளிகளின் மகன்களையும் மற்ற இளைஞர்களையும் இருபது வயதையொட்டி அழைத்து, அளந்து மது கொடுத்து, போதை எவ்வளவு ஏறுகிறது, உடம்பு எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்தார். ஏறத்தாழ பத்து வருடம் கழித்து அவர்களையே தேடிப் போனார். 1994இல் வெளியான முடிவு இது: குடிநோயாளிகளின் மகன்களில், அன்று மது அதிகம் பாதித்தவர்களில் 14 சதவீதம் பேர்தான் பின்னாளில் குடிநோயாளி ஆனார்கள். மது பெரிதாக ஒன்றும் செய்யாமல் 'ஸ்டெடி'யாக இருந்தவர்களில் 56 சதவீதம்.

யோசித்தால் காரணம் எளிது. வாந்தி, தலைசுற்றல் எல்லாம் உடம்பு அடிக்கிற மணி. மற்றவர்களுக்கு மூன்றாவது பீரில் அடிக்கிறது. இவனுக்கு அடிப்பதில்லை, அதனால் நான்காவது, ஐந்தாவது என்று போகிறது. கூட்டாளிகள் இதைத் திறமை என்று கொண்டாடுவார்கள்.

இந்தத் தன்மையிலும் சரி, குடிநோயிலும் சரி, ஒரு பங்கு பிறவியிலேயே வருவது. வளர்ப்புதான் காரணம் என்று வாதிடுபவர்களுக்கு டென்மார்க் ஆய்வைச் சொல்வேன். பிறந்த சில வாரங்களில் தத்துப் போன ஆண்களை டொனால்ட் குட்வின் குழு ஆராய்ந்து 1973இல் வெளியிட்டது. பெற்ற அப்பா அல்லது அம்மா குடிநோயாளி என்றால், வேறு வீட்டில் வளர்ந்தும் 18 சதவீதம் பேருக்குக் குடிநோய். அப்படி இல்லாதவர்களில் 5 சதவீதம்.

பையன் கணக்கில் கெட்டி. "அப்போ நூத்துல 82 பேருக்கு வரலையே?" என்றான். அதைத்தான் அவன் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. குடிநோயில் பாதியளவு மரபணு என்று ஆய்வுகள் சொல்வதைப் பலர் "எனக்குப் பாதிக்குப் பாதி சான்ஸ்" என்று படிக்கிறார்கள். அது அப்படி இல்லை. ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்தில் எவ்வளவு பங்கு மரபணுவுடையது என்பதுதான் அந்தக் கணக்கு. 'குடிகார ஜீன்' என்று தனியாக ஒன்றும் கிடையாது. சின்னச் சின்னதாகப் பல ஜீன்கள் சேர்கின்றன. இந்த விதை முளைக்கத் 'தண்ணி' வேண்டும், சிலேடைக்கு மன்னிக்கவும். எத்தனை வயதில் தொடங்குகிறான், கூட யார், கையில் காசு எவ்வளவு, எல்லாம் கணக்கில் வரும்.

எதிர்ப்பக்க ஜீனும் உண்டு. சீனா, ஜப்பான், கொரியாவில் பலருக்கு மதுவின் இடைநிலைக் கழிவான அசிட்டால்டிஹைடை உடைக்கும் என்சைம் சரியாக வேலை செய்யாது. ஒரு கிளாசிலேயே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டும். அந்த ஜீன் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்திருந்தால் அவர்கள் குடிநோயாளி ஆவது மிக அபூர்வம். குடியை விட நாங்கள் கொடுக்கிற டைசல்பிரம் மாத்திரை செய்வதும் இதையேதான். அந்த என்சைமை மருந்தால் முடக்குகிறது.

இதை இவ்வளவு நீட்டக் காரணம் இருக்கிறது. டிஸ்சார்ஜ் அன்று தையல்காரரின் மனைவி பையிலிருந்து லேபிள் இல்லாத பொடிப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். "அவருக்குத் தெரியாம சாம்பார்ல கலந்து குடுக்கச் சொன்னாங்க, குடுக்கலாமா?" கொடுக்கவே கூடாது. இந்த மாதிரிப் பொடியில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? டைசல்பிரம் மாதிரி ஏதாவது இருந்து, அது தெரியாமல் அவர் ஒரு குவார்ட்டரை உள்ளே தள்ளினால் பிபி விழும், இதயமே நிற்கலாம். குடிப்பவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, டாக்டர் பார்வையில் மட்டுமே கொடுக்கிற மருந்து அது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு இலவசமாகக் கூப்பிட்டுக் கேட்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

ஒரு மாதம் கழித்து மூவரும் ரிவியூவுக்கு வந்தார்கள். நடுக்கம் பார்க்கக் கையை நீட்டச் சொன்னேன். அவர் நீட்டவில்லை. காலரில் குத்தியிருந்த ஊசியை எடுத்தார், பையிலிருந்து நூல்கண்டு வந்தது, நுனி நாக்குக்குப் போனது. மூன்றாவது முயற்சியில் கோத்துவிட்டார்.

"முன்னெல்லாம் ஒரே தடவைல கோத்துருவேன் டாக்டர்" என்றார். மகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

(அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)